கதைக்கு 'உம்' கொட்ட விடுங்கள்

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. படிக்கிறான். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன், வீட்டுக்கு வர எட்டு மணி ஆகிவிடும். சாப்பாடு, பாத்திரம் எல்லாம் முடித்து ஒன்பதேகால், ஒன்பதரைக்கு ஹாலில் உட்கார்ந்து அவனுக்குக் கதைப் புத்தகம் வாசிக்கிறேன். இங்கிலீஷும் வரட்டும் என்று ஒரு வரி இங்கிலீஷ், ஒரு வரி தமிழ் என்று வாசிப்பேன். தமிழ்ப் புத்தகமும் வாசிப்பேன். ரெண்டு பக்கம் தாண்டாது. எழுந்து ஓடுவான், தலைகீழாகப் படுப்பான், நான் முடிக்கும் முன்னால் பக்கத்தைத் திருப்புவான், சம்பந்தமே இல்லாமல் 'பல்லி ஏன் கீழ விழ மாட்டேங்குது' என்பான். கவனிக்கிறானா என்று பார்க்க நடுநடுவே கேள்வி கேட்டால் பதில் வராது. அதே பையன் செல்போனில் கார்ட்டூன் என்றால் ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருகிறான். பள்ளியிலும் 'கதை நேரத்தில் கவனமே இல்லை' என்று மிஸ் டைரியில் எழுதி அனுப்பினார். ஒரே ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது, மூன்று நாள் முன்பு வாசித்த கதையை வைத்து 'அந்த ஆமை தண்ணி குடிச்சிருக்குமாம்மா' என்று கேட்டான். அத்தை 'எல்லாம் செல்போன் வேலை' என்கிறார், வீட்டுக்காரர் 'வளர்ந்தா சரியாகிடும்' என்கிறார். யூடியூபில் ஒருவர் இதெல்லாம் ஏ.டி.ஹெச்.டி. என்கிற கவனக் குறைபாட்டின் அறிகுறி என்றார். டெஸ்ட் எடுக்கணுமா? உட்கார்ந்து கதை கேட்க எப்படிப் பழக்குவது? – வாசகி, திருப்பூர்

பதில்:

கடிதத்தை ரெண்டு முறை படித்தேன். ரெண்டு முறையும் அந்த பஸ் வரியில்தான் நின்றேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள், ஆனால் எனக்கு அந்த ஒரு வரி மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய செய்தி. ஆமை தண்ணீர் குடித்ததா என்று புத்தகத்தில் இருந்திருக்காது என்று நினைக்கிறேன், இருந்திருந்தால் அவன் கேட்டிருக்க மாட்டான். ஆக, ஓடிக்கொண்டும் தலைகீழாகக் கிடந்துகொண்டும் இருந்த பையன் கதையைக் காதில் வாங்கியிருக்கிறான், மூன்று நாள் மனசில் வைத்திருந்திருக்கிறான், அவ்வளவு தூரம் நடந்த ஆமைக்குத் தாகம் எடுத்திருக்குமே என்று கதையில் இல்லாத ஒன்றை அவனாக யோசித்திருக்கிறான். இதைவிடக் கவனமாக ஒரு கதையை எப்படிக் கேட்பது? பெரியவர்களே சினிமா பார்த்துவிட்டு இந்த அளவுக்கு யோசிப்பதில்லை.

அவன் கேட்கிறான். உட்காரத்தான் மாட்டேன் என்கிறான். இது ரெண்டும் ஒன்றல்ல, ஆனால் நம் ஊரில் ஒன்றாக்கி வைத்திருக்கிறோம். 'கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்று நம்மையே வளர்த்தார்கள், அதனால் கை கட்டி வாய் பொத்திய பிள்ளைதான் கவனிக்கிற பிள்ளை என்று மனசில் பதிந்துபோச்சு. பதினேழு வருஷமாக ஸ்பீச் தெரபி செய்கிறேன், கை கட்டி அழகாக உட்கார்ந்து ஒரு வார்த்தைகூட உள்ளே வாங்காத குழந்தைகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். அவர்களை யாரும் கூட்டி வருவதில்லை என்பதுதான் கஷ்டம், நாங்களாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

கவனம் எப்படி வளர்கிறது என்று ஜோன் ரெய்னெல் என்ற பிரிட்டன் உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1970களில் ஒரு படிவரிசை எழுதினார்கள், எங்கள் தொழிலில் இன்றும் அதைப் புரட்டுகிறோம். சுருக்கமாகச் சொன்னால், முதல் வருஷம் எது அசைந்தாலும் கண் அங்கே ஓடும். ரெண்டாவது வருஷம் தான் பிடித்த பொருளைத் தவிர வேறெதுவும் காதில் விழாது. மூன்று, நாலு வயதில் ஒரு சமயத்தில் ஒரு வேலைதான், நீங்கள் சொல்வதைக் கேட்க வேண்டுமானால் கையில் இருப்பதை நிறுத்திவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். நாலிலிருந்து அஞ்சுக்குள்தான் கை ஒரு வேலை செய்யும்போதே காது இன்னொன்றைக் கேட்கிற திறமை வர ஆரம்பிக்கும், அதுவும் முதலில் கொஞ்ச நேரத்துக்குத்தான். உங்கள் பையன் அந்த வாசலில் நிற்கிறான். சில நாள் காரை உருட்டிக்கொண்டே கேட்பான், சில நாள் கார் மட்டும்தான் இருக்கும், கதை காற்றோடு போகும். ரெண்டும் இந்த வயதுக்குச் சரிதான்.

சரி, அப்போது ஒன்றும் செய்ய வேண்டாமா என்றால், செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் உங்கள் பக்கத்தில். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பாட்டியோ அம்மாவோ கதை சொன்னதை நினைத்துப் பாருங்கள். 'ஒரு ஊர்ல ஒரு ராஜா' என்று ஆரம்பித்ததும் எதிரே இருக்கிற பிள்ளை 'உம்' சொல்லணும். சொல்லாவிட்டால் கதை நின்றுவிடும், 'என்னடி தூங்கிட்டியா, உம் கொட்டு' என்று ஒரு தட்டு விழும். வில்லுப்பாட்டிலும் இதுதான், ஒருவர் வரியைச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவார், அந்த 'ஆமா' இல்லாமல் பாட்டு நகராது. கேட்கிற ஆளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். நாம் என்ன செய்தோம், புத்தகம் வந்ததும் அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டு 'சும்மா உட்கார்ந்து கேள்' என்கிறோம். நாலு வயதுப் பிள்ளைக்கு உலகத்திலேயே கஷ்டமான வேலை சும்மா இருப்பது. அவனாக வேலை தேடிக்கொள்கிறான், பக்கத்தைத் திருப்புவது அவன் கண்டுபிடித்த வேலை. அதனால் முதல் மாற்றம், பக்கம் திருப்புவதை அவனுக்கே கொடுத்துவிடுங்கள். 'நான் தலையாட்டினதும் திருப்பு' என்று சொல்லிவிட்டால் அவன் உங்கள் முகத்தைப் பார்த்தாக வேண்டும், எப்போது ஆட்டுவீர்கள் என்று காத்திருந்தாக வேண்டும். 'உம்' கொட்டவும் சொல்லிக் கொடுங்கள். முதல் ரெண்டு நாள் வேண்டுமென்றே கத்தி 'உம்ம்ம்' என்பான், விடுங்கள், அடங்கிவிடும்.

அடுத்தது வாசிக்கிற தமிழ். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் தமிழ்க் குழந்தைகள் கதைப் புத்தகத்திலிருந்து நழுவுவதற்கு நான் பார்த்த வரையில் பெரிய காரணம் இதுதான். புத்தகத்தில் 'நரி மிகுந்த பசியுடன் காட்டில் அலைந்தது. தொலைவில் ஒரு குடிசையைக் கண்டது' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யாராவது 'கண்டது' என்று பேசுகிறீர்களா? அவனுக்குத் தெரிந்தது 'பாத்துச்சு'. 'அலைந்தது', 'தொலைவில்', 'மிகுந்த' எல்லாம் அவன் காதுக்கு டிவி செய்தி வாசிக்கிற மாதிரி. ஒவ்வொரு வாக்கியத்திலும் ரெண்டு வார்த்தை புரியாமல் போனால், நாலாவது வாக்கியத்தில் கதை கைவிட்டுப் போகும். அப்புறம் பல்லியைப் பார்க்காமல் என்ன செய்வான்? இங்கிலீஷ் குழந்தைகளுக்கு வீட்டில் பேசுவதும் புத்தகத்தில் இருப்பதும் இவ்வளவு தூரம் விலகி இருப்பதில்லை, அதனால் அங்கிருந்து எழுதுகிற 'குழந்தைக்கு வாசிப்பது எப்படி' அறிவுரைகளில் இந்தச் சிக்கல் வருவதே இல்லை.

இதில் நானே செய்த தப்பு ஒன்று உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு அம்மாவிடம் 'அச்சில் இருப்பதை ஒரு எழுத்து மாற்றாமல் வாசியுங்கள், அப்போதுதான் நல்ல தமிழ் வரும்' என்று பெரிய மேதாவி மாதிரி சொல்லி அனுப்பினேன். ரெண்டு வாரம் கழித்து அந்த அம்மா வந்து, பெண் புத்தகத்தை பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள், ஒட்டடைக் கோலை வைத்துத்தான் எடுத்தோம் என்றார். அந்தக் குழந்தை மேல் எனக்கு இன்றும் மரியாதை.

அதற்காக எழுத்துத் தமிழையே விட்டுவிடச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் அதில்தானே வரும், அதைக் காதுக்குப் பழக்குவதற்குக் கதையைவிட நல்ல வழி கிடையாது. வரிசையைத்தான் மாற்றணும். முதல் நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அல்லது படத்தை மட்டும் காட்டி, வீட்டில் பேசுகிற மாதிரியே கதையைச் சொல்லுங்கள்: 'நரிக்கு செம பசி. காடெல்லாம் சுத்துச்சு. அங்க தூரத்துல ஒரு குடிசை தெரிஞ்சுது.' கதை அவன் கைக்கு வந்த பிறகு, ரெண்டாவது மூன்றாவது நாளில் அச்சில் இருப்பதை வாசியுங்கள். இப்போது 'கண்டது' என்று வரும்போது என்ன நடக்கிறது என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும், வார்த்தை தானாகப் போய் இடத்தில் உட்காரும். ஒரு வாரம் கழித்து 'அம்மா, நான் பல்லியைக் கண்டேன்' என்று சொன்னாலும் சொல்வான், சிரித்துவிடாதீர்கள்.

இங்கிலீஷ் ஒரு வரி தமிழ் ஒரு வரி என்பதை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் எண்ணம் நல்லதுதான், ஆனால் குழந்தைகள் கெட்டிக்காரர்கள், அடுத்து தமிழ் வரப்போகிறது என்று தெரிந்தால் இங்கிலீஷ் வரிக்குக் காதை மூடிக்கொள்வார்கள். ஒவ்வொரு வரிக்கும் கதை நின்று நின்று கிளம்பினால் டவுன் பஸ் மாதிரி ஆகிவிடும், யாருக்கும் ஏறத் தோன்றாது. இங்கிலீஷ் புத்தகம் வாசிக்க ஆசையென்றால், ஒரு பக்கத்துக்கு ஒரு வரி இருக்கிற சின்னப் புத்தகமாக எடுத்து, அதை முழுக்க இங்கிலீஷிலேயே, படத்தைத் தொட்டுக் காட்டி, குரலில் நடித்து வாசியுங்கள். அது ஒரு நாள், தமிழ் வேறொரு நாள்.

கேள்விகளுக்கு வருகிறேன். நடுநடுவே கேள்வி கேட்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன கேள்வி என்று எழுதவில்லை, ஆனால் ஊகிக்க முடிகிறது: 'இது என்ன கலர்? எத்தனை குருவி? இப்ப யார் வந்தா? நான் என்ன சொன்னேன், சொல்லு பார்ப்போம்?' இதெல்லாம் பரீட்சை. பதில் உங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும், பிறகு ஏன் கேட்கிறீர்கள் என்றுதான் அவன் பேசாமல் இருக்கிறான். கடைசியில் 'இந்தக் கதையிலிருந்து என்ன நீதி தெரிஞ்சுது' என்று கேட்கிற பழக்கம் இருந்தால் அதையும் மூட்டை கட்டுங்கள். (அந்த ஒரு கேள்வி எத்தனை நல்ல கதையைக் கெடுத்திருக்கிறது என்று கணக்கே கிடையாது.)

கேள்வியே கூடாது என்பதில்லை. 1988ல் அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரின் குழு ஒரு ஆராய்ச்சி செய்தது. ரெண்டு மூன்று வயதுக் குழந்தைகள், எல்லார் வீட்டிலும் ஏற்கெனவே புத்தகம் வாசிக்கிற பழக்கம் உண்டு. பாதிப் பெற்றோருக்கு மட்டும் வாசிக்கிற விதத்தை மாற்றச் சொல்லிக் கொடுத்தார்கள்: ஆமாம் இல்லை என்று முடிகிற கேள்வியைக் குறைத்து 'என்ன ஆச்சு', 'ஏன் அப்படிப் பண்ணுது' என்று கேட்பது, குழந்தை ஒரு வார்த்தை சொன்னால் அதை ரெண்டு மூன்று வார்த்தையாக நீட்டித் திருப்பிச் சொல்வது, குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுவது. ஒரே மாதம்தான். அந்தக் குழந்தைகளின் பேச்சு மற்றவர்களைவிட மாதக் கணக்கில் முன்னே போயிருந்தது. அதே வீடு, அதே அம்மா அப்பா, மாறியது குழந்தைக்குக் கதையில் பேச இடம் கிடைத்தது மட்டும்தான்.

உங்கள் வீட்டில் இதை எப்படிச் செய்வது? அவன் 'பல்லி ஏன் விழ மாட்டேங்குது' என்று கேட்டால் 'கதையைக் கவனி' என்று அதட்டாதீர்கள். 'ஆமால்ல, நம்ம நரி சுவத்துல ஏறினா விழுந்துடும், பல்லி மட்டும் எப்படி ஒட்டிக்குது?' என்று பல்லியையே கதைக்குள் இழுத்துவிடுங்கள். அப்புறம் ஒரு கதைக்கு ஒரே ஒரு இடத்தில் நிறுத்துங்கள், ஏதோ நடக்கப்போகிற இடமாகப் பார்த்து. கதவு தட்டுகிற சத்தம் கேட்டது என்று வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு அவன் முகத்தைப் பாருங்கள். மனசுக்குள் அஞ்சு எண்ணுங்கள், பெரியவர்களுக்கு அந்த அஞ்சு வினாடி யுகமாக இருக்கும், குழந்தைக்கு வார்த்தை தேடி எடுக்க அவ்வளவு நேரம் வேண்டும். அவன் 'சிங்கம்' என்றால் சிங்கம்தான். புத்தகத்தில் தபால்காரர் என்று இருந்தால் 'அடடே, சிங்கம்னு நெனச்சோம், பாத்தா தபால்காரர்' என்று போய்க்கொண்டே இருங்கள். தப்பு என்ற வார்த்தையே வர வேண்டாம்.

செல்போன் விஷயம். கார்ட்டூனில் சில வினாடிக்கு ஒரு தடவை காட்சி மாறுகிறது, சத்தம் மாறுகிறது, படம் தயாராக வருகிறது. அவன் கவனத்தைப் பிடித்து வைத்திருப்பது போன். கதை கேட்கும்போது படத்தை அவனே மனசுக்குள் வரையணும், முன்னால் நடந்ததை ஞாபகம் வைக்கணும், அது உழைப்பு. அதனால் 'போனுக்கு உட்காருகிறான், கதைக்கு உட்கார மாட்டேன் என்கிறான்' என்ற ஒப்பீட்டுக்குப் பெரிய அர்த்தமில்லை, வேண்டுமென்று செய்கிறான் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஆனால் உங்கள் அத்தை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமான இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2 முதல் 5 வயதுக்கு எல்லாத் திரையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்கிறது. உங்கள் கணக்கு அந்த எல்லையில் இருக்கிறது, நீங்கள் எட்டு மணிக்கு வருவதற்குள் எவ்வளவு ஓடுகிறது என்று மட்டும் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். போனைப் பிடுங்கி உடனே கையில் புத்தகத்தைத் திணிக்காதீர்கள், அதைவிடச் சீக்கிரமாகப் புத்தகத்தை வெறுக்க வைக்க முடியாது. நடுவில் ஒரு குளியலோ சாப்பாடோ இருக்கட்டும்.

இப்போது எங்கிருந்து ஆரம்பிப்பது. ஒரு வாரத்துக்குப் புத்தகமே வேண்டாம். ஈ கதை தெரியுமா? ஒரு ஈ வீடு மெழுகிக்கொண்டே இருந்ததில் தன் பேரை மறந்துவிட்டது. யாரைக் கேட்பது? எதிரே ஒரு கன்றுக்குட்டி. 'கொழு கொழு கன்றே, என் பேர் என்ன?' எனக்குத் தெரியாது, என் அம்மாவைக் கேள். 'கொழு கொழு கன்றே, கன்றின் தாயே, என் பேர் என்ன?' எனக்குத் தெரியாது, என்னை மேய்க்கிறவனைக் கேள். இப்படியே இடையன், அவன் கைக் கோல், கோல் வந்த மரம், மரத்தில் இருக்கிற கொக்கு, கொக்கு குளிக்கிற குளம், மீன் என்று சங்கிலி நீண்டுகொண்டே போகும், ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். கடைசியில் குதிரையிடம் கேட்டதும் குதிரைக்குச் சிரிப்பு தாங்காமல் 'ஹிஈஈஈ' என்று கனைக்கும், அட, என் பேர் ஈ அல்லவா என்று ஈ பறந்துவிடும்.

இந்தக் கதையைக் கட்டியவர்கள் யாரென்று தெரியாது, ஆனால் இதைவிட நல்ல காதுப் பயிற்சியை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்க்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பழையது அத்தனையும் திரும்ப வருகிறது, ஒரே ஒரு புது ஆள் சேர்கிறார். திங்கட்கிழமை நீங்கள் மட்டும் சொல்லுங்கள், மரத்தோடு நிறுத்தி குதிரைக்குத் தாவிவிடுங்கள், அது போதும். செவ்வாய்க்கிழமை 'என் பேர் என்ன' என்ற இடத்தை மட்டும் அவனிடம் விடுங்கள். புதன்கிழமை 'கன்றின்...' என்று இழுத்துவிட்டு நிறுத்துங்கள், 'தாயே' என்பான். அதற்கடுத்த நாள் நீங்கள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள், 'கொழு கொழு பூனையே' என்று. அவன் விழுந்தடித்துக்கொண்டு வந்து திருத்துவான் பாருங்கள், அந்த நிமிஷத்தில் அவன் தலைகீழாகப் படுத்திருந்தாலும் கட்டிலுக்கு அடியில் இருந்தாலும் உங்களுக்குக் கவலை இருக்காது. கவனம் இருக்கிறதா என்று சோதிக்க இதைவிட வேறு கேள்வி வேண்டாம். சனிக்கிழமைக்குள் அவனே உங்களுக்குச் சொல்வான், நீங்கள் 'உம்' கொட்டுங்கள்.

'கொழுக்கட்டை' என்ற பேரை மறக்கக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போய், வாய்க்காலைத் தாண்டும்போது 'அத்திரிபாச்சா' சொல்லி எல்லாம் மறந்துபோன மாப்பிள்ளை கதையும் இதே வகைதான், அறையைச் சுற்றி நடந்துகொண்டும் ஒரு இடத்தில் குதித்தும் சொல்லலாம், ஓடுகிற பிள்ளைக்கென்றே செய்தது. முடிவில் அவன் பெண்டாட்டியை அடிப்பதாக வரும், நான் அதை மாற்றி அவனே தூணில் முட்டிக்கொண்டு நெற்றி கொழுக்கட்டை மாதிரி வீங்கியதாகச் சொல்வேன். நீங்களும் மாற்றிக்கொள்ளுங்கள், ஒன்றும் குறையாது.

அதற்கப்புறம் புத்தகம். அஞ்சாறு நிமிஷத்தில் முடிகிற, ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிற புத்தகமாகப் பாருங்கள். காசு செலவழிக்க வேண்டியதில்லை, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாக இருக்கின்றன, நிலை ஒன்று, நிலை ரெண்டு என்று பிரித்திருப்பார்கள், ஒன்றில் ஆரம்பியுங்கள். ஆனால் போனில் காட்டி வாசிக்காதீர்கள், அவனுக்குப் போன் என்றால் கார்ட்டூன். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து நூலால் தைத்துக்கொள்ளுங்கள். ஒரே புத்தகத்தைப் பத்து நாள் கேட்டாலும் பத்து நாளும் வாசியுங்கள். உங்களுக்கு அலுக்கும், அவனுக்கு அலுக்காது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2011ல் 3 வயதுக் குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள், சிலருக்கு ஒரு வாரம் அதே கதைகளைத் திரும்பத் திரும்ப, சிலருக்கு வேறு வேறு கதைகள், புது வார்த்தைகள் காதில் விழுந்த எண்ணிக்கை எல்லாருக்கும் ஒன்றுதான். அதே கதையைக் கேட்டவர்கள்தான் வார்த்தைகளை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்து என்ன வரும் என்ற பயம் இல்லாதபோதுதான் வார்த்தையைக் கவனிக்க மனசில் இடம் கிடைக்கிறது.

நேரமும் இடமும் சரியில்லை என்று நினைக்கிறேன். ஒன்பதரை மணி, ஹால். உங்கள் அத்தைக்கு அது சீரியல் நேரமாக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். டிவி சத்தத்துக்கு நடுவில் பேச்சைப் பிரித்தெடுத்துக் கேட்கும் திறமை குழந்தைகளுக்கு நம் அளவுக்குக் கிடையாது, அது பதின்ம வயது வரைக்கும் மெல்ல மெல்லத்தான் முதிர்கிறது. நமக்கு 'சும்மா ஓடிட்டு இருக்கு' என்று தோன்றுகிற சத்தம் அவனுக்குக் கதையைப் பாதி விழுங்கிவிடும். உள் அறைக்குப் போங்கள், ஃபேன் கடகடவென்று சத்தம் போடுகிற பழையது என்றால் வேகத்தைக் குறையுங்கள், எதிரெதிரே அல்லது அவன் உங்கள் வாயைப் பார்க்க முடிகிற மாதிரி பக்கவாட்டில் உட்காருங்கள். காலை ஆறு மணிக்கு எழுந்த பிள்ளைக்கு ஒன்பதரை மணிக்குத் தூக்கம் வந்து தலைகீழாகப் படுப்பதில் ஆச்சரியம் இல்லை. நீங்கள் வந்ததும், எட்டேகாலுக்கு, பாத்திரத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் முடியுமா பாருங்கள். பாத்திரம் எங்கும் ஓடாது. நீங்களும் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறீர்கள் என்பது தெரியும், முடியாத நாளில் விட்டுவிடுங்கள், வாரம் நாலு நாள் நடந்தால் போதும். சோறு ஊட்டும்போது சொல்லலாமே என்பார்கள், சொல்லலாம், ஆனால் வாயில் சோறு இருந்தால் 'உம்' எப்படிக் கொட்டுவான்?

மிஸ்ஸிடம் சண்டைக்குப் போக வேண்டாம். முப்பது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக் கதை சொல்கிற வேலை எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் முன்னால் உட்கார வைக்க முடியுமா, வாசிக்கும்போது கையில் ஏதாவது வேலை கொடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக டெஸ்ட். இங்கே நான் உங்கள் வீட்டுக்காரர் பக்கமும் இல்லை, யூடியூப்காரர் பக்கமும் இல்லை. முதலில் பார்க்க வேண்டியது காது. அடிக்கடி சளி பிடிக்குமா, வாயைத் திறந்துகொண்டு தூங்குவானா, குறட்டை உண்டா, டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்வானா, பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புவதில்லையா, 'ஆங்? என்ன?' என்று நிறைய கேட்பானா? இதில் ஒன்றிரண்டுக்கு ஆமாம் என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சளிக்குப் பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கிவிடுவது இந்த வயதில் சாதாரணம், வலி இருக்காது, ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், மறு வாரம் தலையணையைக் காதில் வைத்து அமுக்கின மாதிரி இருக்கும். வீட்டில் 'கவனமில்லை' என்று திட்டு வாங்குகிற பிள்ளைகளில் சிலருக்கு விஷயம் இவ்வளவுதான். அந்த நீர் இருக்கிறதா என்று பார்க்கிற இம்பீடன்ஸ் என்ற சோதனை சில நிமிஷத்தில் முடியும், ஊசி கிடையாது, அழ வேண்டியதில்லை. கேட்கும் அளவைப் பார்க்கிற சோதனையையும் விளையாட்டாகத்தான் செய்வார்கள், ஹெட்போனில் சத்தம் கேட்டால் ஒரு கட்டையை டப்பாவில் போடணும்.

ஏ.டி.ஹெச்.டி. என்பதைக் கதை நேரத்தை மட்டும் வைத்து யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. குறைந்தது 6 மாதமாக இருக்கணும், வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்கணும், அவன் அன்றாட வாழ்க்கையைத் தடுக்கிற அளவுக்கு இருக்கணும், அதையும் நேரில் பார்த்து மருத்துவர்தான் முடிவு சொல்லணும். பிடித்த விளையாட்டில்கூட ரெண்டு நிமிஷம் நிற்பதில்லை, 'அந்த டம்ளரை எடுத்துட்டுப் போய் பாட்டிகிட்ட குடு' என்று ரெண்டு வேலை சேர்த்துச் சொன்னால் செய்யத் தெரியவில்லை, அவன் பேசுவது வெளியாட்களுக்குப் பாதிக்கு மேல் புரிவதில்லை, பார்த்துக்கொண்டே இருக்கும்போது ரோட்டில் ஓடிவிடுகிறான் என்றெல்லாம் இருந்தால் காத்திருக்காதீர்கள். தனியாருக்குச் செலவழிக்க வேண்டும் என்று இல்லை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. (மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்) எங்கே என்று கேளுங்கள், குழந்தை மருத்துவர், ஸ்பீச் தெரபிஸ்ட் என்று எல்லாரையும் ஒரே இடத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கடிதத்தில் இருக்கிறதை வைத்துப் பார்த்தால் உங்கள் பையனுக்கு அதெல்லாம் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை, காதை மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மேலே சொன்ன மாற்றங்களை ஆறேழு வாரம் செய்து பார்த்தும் ஒரு அடிகூட நகரவில்லை என்றால் அப்போது நேரில் யாரிடமாவது காட்டுங்கள்.

அப்புறம் ஒன்று. பகல் முழுக்க அவனோடு இருப்பது உங்கள் அத்தைதான் என்று நினைக்கிறேன். செல்போன் வேலை என்று குறை சொல்கிறவரிடமே வேலையைக் கொடுத்துவிடுங்கள். ஈ கதை அவருக்கு முழுசாகத் தெரிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு, 'எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கு அத்தை, நீங்க சொல்லிக் குடுங்க' என்று கேட்டுப் பாருங்கள். உண்மையில் எனக்கே அந்தச் சங்கிலியில் சட்டி செய்கிற குயவனுக்கு அப்புறம் மண்ணா புல்லா என்று ஒவ்வொரு தடவையும் தடுமாறுகிறது.